பாலருவிக்கு வழி கேட்டவருக்குப் பதினோராம் பத்தியில் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எனக்கு ஊர் புளியரை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் மூன்று வருடமாகத் தமிழில் ஒரு இணையதளம் நடத்துகிறேன். அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில், இந்தப் பக்கம் குற்றாலம், பண்பொழி என்று கேரள எல்லையின் இரண்டு பக்கமும் போய்வருவதைப் பற்றி எழுதுவேன். போன வருடம் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். கீவேர்டை, அதாவது ஆட்கள் கூகுளில் தேடும் சொல்லை, திரும்பத் திரும்பப் போட வேண்டும், கட்டுரை 2000 வார்த்தைக்குக் குறையக் கூடாது, தினமும் ஒன்று ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். இரண்டு மாதம் ஆள் வந்தார்கள், அப்புறம் படுத்துவிட்டது. போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெரியவர், “பாலருவிக்கு எங்க வண்டி உள்ளே போகுமா போகாதான்னு தெரிஞ்சுக்க உங்க கட்டுரையை முழுசாப் படிச்சேன்மா, கண்ணு வலிச்சதுதான் மிச்சம்” என்று எழுதியிருக்கிறார். இனி நான் கூகுளுக்கு எழுதவா, அவருக்கு எழுதவா? தேடல் கணக்கின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். மலையாளத்தில் ஒரு பக்கம் வைக்கலாமா? எனக்குப் பேச வரும், எழுத்துப் பிழையைத் திருத்த ஆரியங்காவில் சிநேகிதி இருக்கிறார். – வாசகி, புளியரை.

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம்.

பெரியவருக்கே எழுதுங்கள். கூகுள் தேடிக்கொண்டிருப்பதும் அவருக்காக எழுதப்பட்ட பக்கத்தைத்தான். வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பழைய காலத்துப் பாடம். அது எங்கே பிசகுகிறது என்று உங்கள் கட்டுரைகளை வைத்தே சொல்கிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து உங்கள் தளத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாலருவி. கட்டுரை இப்படித் தொடங்குகிறது: “பாலருவி செல்வது எப்படி? பாலருவி செல்ல விரும்புபவர்கள் பாலருவி சுற்றுலா பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ள இந்தப் பாலருவி கட்டுரை உதவும்.” ஒரே மூச்சில் நாலு பாலருவி. அடுத்த பத்தியில் அருவி என்றால் என்ன என்று விளக்கம். அதற்கடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமை. இப்படியே போய்ப் பதினோராம் பத்தியில்தான், வண்டியை நுழைவாயிலில் நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் உள்ளே போக வேண்டும் என்ற வரி வருகிறது. பெரியவர் கேட்டது அந்த ஒரு வரியை. வீட்டில் எட்டுப் பேர், வாடகை வேன், கூட வருகிறவர்களில் ஒருவருக்கு மூட்டுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த ஒரு வரி தெரிந்தால்தான் கிளம்புவதா வேண்டாமா என்றே முடிவு செய்ய முடியும்.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: “சொந்த வண்டியில் பாலருவி வரை போக முடியாது. ஆரியங்காவில் நுழைவாயிலில் நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். மழை கூடினாலும் அடைப்பார்கள், தண்ணீர் வற்றினாலும் அடைப்பார்கள். நான் கடைசியாகப் போன தேதி இது, அன்றைக்கு வாங்கிய டிக்கெட்டின் படம் கீழே இருக்கிறது.” தேதியும் டிக்கெட்டும் உங்களிடம் இருக்கின்றன, நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், படி உண்டா, வழுக்குமா, உடை மாற்ற இடம் உண்டா என்பதை அடுத்து எழுதுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமையைக் கடைசியில் வையுங்கள். விருப்பமுள்ளவர் அதுவரை வந்து படிப்பார்.

இதில் கீவேர்ட் எங்கே என்று கேட்பீர்கள். பாலருவி, ஆரியங்காவு, வனத்துறை, வண்டி, டிக்கெட் எல்லாம் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே வந்துவிட்டன, தேடுகிறவர் போடும் சொற்களும் இவைதான். கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் சொற்கள் தானாக வந்து விழும். ஒரே சொல்லை வலிந்து திணிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பாம், அதாவது குப்பை, என்றே எழுதி வைத்திருக்கிறது. 2000 வார்த்தைக் கணக்கும் அப்படித்தான். இத்தனை வார்த்தை என்று எங்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது என்று தளம் நடத்துகிறவர்களுக்கான வழிகாட்டியில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பாலருவிக்கு 400 வார்த்தை போதுமென்றால் 400 போதும். அச்சன்கோவில் போகும் காட்டுப் பாதையைப் பற்றிச் சொல்ல 3000 வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள்.

வகுப்பு நடத்தியவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் இதெல்லாம் பலித்தது. கூகுள் 1998இல் கம்பெனியாகத் தொடங்கியபோது அதன் பெரிய பலமே, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுக்கிறார்கள், கொடுப்பவர்கள் யார் என்று எடைபோட்டதுதான். அப்புறம் ஆட்கள் லிங்க்கை விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். நானும் அந்தக் காலத்தில் வேலை கற்றவன். கொல்லம் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு நான் வேலை செய்த இடத்திலிருந்து லிங்க்குகள் வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாதம் முதல் பக்கத்தில் நின்றது. 2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது, ஒரே வாரத்தில் அந்த விடுதியின் பெயரைத் தேடினால்கூட வேறு யாரோ வந்தார்கள். அந்த முதலாளி போன் பண்ணித் திட்டவில்லை. “சீசன் வருதே, இனி என்ன செய்ய?” என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. லிங்க் வாங்குங்கள் என்று அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் யாராவது இத்தனை ரூபாய்க்கு இத்தனை லிங்க் என்று மெயில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

பென்குயினுக்கு முந்தைய வருடம் பாண்டா என்ற மாற்றம் வந்து சத்தில்லாத பக்கங்களைக் கீழே இறக்கியது. 2022 ஆகஸ்டில், ஆளுக்காக எழுதாமல் தேடலுக்காகவே எழுதிக் குவித்த தளங்களைக் குறிவைத்து இன்னொரு மாற்றம். 2024 மார்ச்சில் அதைத் தரவரிசையின், அதாவது எந்தப் பக்கம் மேலே வரும் என்று முடிவு செய்யும் கணக்கின், மையத்திலேயே சேர்த்துவிட்டார்கள். கூடவே, பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது ஸ்பாம் என்று விதியும் போட்டார்கள், அதை மனிதர் எழுதினாலும் சரி, இயந்திரம் எழுதினாலும் சரி. படுத்துவிட்டது என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் இந்த மாற்றங்களில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. உங்கள் தளத்தில் கோவா இருக்கிறது, மணாலி இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது. நீங்கள் போகவில்லை என்பது இரண்டு வரியிலேயே தெரிகிறது. தினமும் ஒன்று என்ற கணக்குக்காக எழுதியவை அவை.

அதே தளத்தில் இன்னொரு கட்டுரையும் இருக்கிறது, தங்கச்சி. செங்கோட்டை – புனலூர் ரயிலைப் பற்றி நீங்கள் முதல் வருடம் எழுதியது. 1904இல் போட்ட பாதை, 2010இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றது, 2018இல் அகலப் பாதை முழுசாகத் திறந்தது என்ற விவரம் எங்கேயும் கிடைக்கும். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கூவியதையும், கழுதுருட்டி பக்கத்து 13 கண் ரயில் பாலத்தைப் பார்க்க எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்பதையும் நீங்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையில் வகுப்புப் பாடம் ஒன்றுமே இல்லை. எல்லாம் படுத்த பிறகும் அது மட்டும் முதல் பக்கத்தில் நிற்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன். தேடலில் வரும் பக்கங்களின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்ற ஒரு சொல் புதிதாகச் சேர்ந்தது. எழுதியவர் அங்கே போனாரா, அந்தப் பொருளைப் பயன்படுத்தினாரா என்று பார்க்கச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் மூலதனம் அதுதான்.

அப்படியானால் கோவாவையும் மணாலியையும் என்ன செய்வது? எடுத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ராத்திரி கண் விழித்து எழுதியிருப்பீர்கள். இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒரே விஷயத்தை நாலு தலைப்பில் எழுதியிருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, பழைய பக்கத்தின் இணைய முகவரிக்கு வருகிறவர்கள் புதிய பக்கத்துக்குப் போகும்படி நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். ‘குற்றாலம் இன்று’ என்று நாள்தோறும் ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்களே, அவை முதலில் சேர வேண்டியவை. ஜூன் பிறந்தால் மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஆட்கள் தேடுவது ‘குற்றாலத்தில் தண்ணீர் வருதா’ என்ற ஒன்றைத்தான். அதற்கு ஒரே ஒரு பக்கம் வையுங்கள். மேலே ஒரு வரி: இன்று காலை மெயினருவியில் குளிக்க விடுகிறார்கள், ஐந்தருவியில் விடவில்லை, பழைய குற்றாலத்தில் கூட்டம். அந்த வரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள், முகவரி ஒன்றாகவே இருக்கட்டும். உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுசாக்கும் வேலை வேண்டாம். அதைப் படித்து நம்பிக் கிளம்பி வந்தவர் அருவிக்கரையில் போலீஸ் தடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், அப்புறம் உங்கள் தளத்தைத் திறக்கவே மாட்டார்.

இனி நான் அதிகம் பேச நினைத்த விஷயம்: சொற்கள். கீவேர்ட் என்றால் ஏதோ கருவி கொடுக்கும் பட்டியல் என்று நினைக்காதீர்கள். ஒரு மனுஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்லிக் கேட்கிறான் என்பதுதான் அது. எல்லையில் இருப்பதால் உங்களுக்கு அது மற்றவர்களை விட நன்றாகவே தெரியும்.

‘பாலருவி’ என்று மட்டும் தேடுகிறவர் அருவியைத்தான் தேடுகிறார் என்று எப்படிச் சொல்வது? அதே பெயரில் பாலக்காட்டுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலும் செங்கோட்டை வழியாக ஓடுகிறது. உங்கள் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். அது கூகுள் இலவசமாகத் தரும் கருவி, 16 மாதக் கணக்கு வரை காட்டும். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்திலேயே ‘பாலருவி டைம்’ என்ற தேடலுக்கு உங்கள் அருவிக் கட்டுரை நிறையத் தடவை காட்டப்பட்டிருக்கிறது, கிளிக்கோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் கேட்டது ரயில் நேரம். அதனால் தலைப்பிலேயே ‘பாலருவி நீர்வீழ்ச்சி, ஆரியங்காவு’ என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல இருந்தால் தனியாக ஒரு பக்கம். நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், நேரத்துக்கு ரயில்வேயின் தளத்துக்கே வழி காட்டிவிட்டு, எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எங்கே போகலாம் என்பதை நீங்கள் எழுதலாம்.

அதேபோல் கழுதுருட்டி பக்கம் இருக்கும் பாலம். நம் ஆட்கள் 13 கண் பாலம் என்பார்கள். அங்கே கேட்டால் பதிமூன்னு கண்ணறப் பாலம். இரண்டையும் கட்டுரையில் இயல்பாகச் சொல்லுங்கள்: “நாம் 13 கண் பாலம் என்பதை அங்கே கண்ணறப் பாலம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.” இப்படி எழுதும்போது தேடலுக்கு இரண்டு பெயரும் கிடைத்துவிட்டது, படிக்கிறவருக்கும் வழி கேட்க ஒரு சொல் கிடைத்துவிட்டது. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் என்பது நமக்குப் புதிதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து தேடுகிறவர்களும் ஏராளம். அவர்களுக்காகக் கட்டுரைக்குள் எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாக அடுக்க வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டல் வித்தியாசங்களைக் கூகுள் பெரும்பாலும் தானே புரிந்துகொள்கிறது. பக்கத்தின் முகவரியில் ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் போதும்.

முகவரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் முகவரியையும் தமிழிலேயே வைத்திருக்கிறீர்கள். பிரியம் புரிகிறது, கூகுளுக்கும் அதில் சிரமம் இல்லை. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸப்பில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘தென்காசி’ என்ற ஒரு சொல் மட்டும் 72 எழுத்து. குடும்பக் குரூப்பில் நாலு வரிக்குக் கிறுக்கல் மாதிரி ஒன்று வந்தால் வயசானவர்கள் தொடப் பயப்படுவார்கள். உங்களுக்கு வாட்ஸப் வழியாகத்தானே பாதி ஆள் வருகிறார்கள். இனி எழுதும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி கொடுங்கள். பழையதை மாற்ற வேண்டாம், நன்றாக ஓடும் ரயில் கட்டுரையின் முகவரியைக் கட்டாயம் தொடவே வேண்டாம்.

தலைப்பில் முக்கியமான சொல் முதலில் வரட்டும். தமிழ் எழுத்து அகலமானது, போன் திரையில் கூகுள் தலைப்பைப் பாதியில் வெட்டிவிடும். ‘நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய’ என்று தொடங்கினால் பாலருவி வெட்டுப்பட்டுப் போகும். தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கம் தரவரிசையை ஏற்றாது, ஆனால் ஆள் கிளிக் செய்வது அதைப் பார்த்துத்தான். தளத்தில் கீவேர்டுகளை வரிசையாக நிரப்பக் கேட்கும் பெட்டியைச் சும்மா விட்டுவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

படங்களின் எடையை உடனே குறையுங்கள். உங்கள் பக்கத்தைத் தேடுகிறவர் வீட்டில் வைஃபையில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. புளியரை எஸ் வளைவில் ஏறிக்கொண்டே, சிக்னல் ஒன்றும் இரண்டுமாக ஆடும்போது, “அடுத்து எங்கே நிறுத்தலாம்” என்று தேடுகிறார். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், என் போனிலேயே முதல் படம் வர நேரமானது. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அகலத்தைக் குறைத்து, எடை குறைவான வெப்பி (WebP) வடிவில் மாற்றி ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று எழுத்து என்ற இடத்தில், பார்வையில்லாத ஒருவருக்குப் படத்தைச் சொல்வதுபோல ஒரு வரி எழுதுங்கள். அது முதலில் அவர்களுக்காக வைத்த இடம்தான்.

மலையாளத்தில் ஒரு பக்கம் வைக்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வையுங்கள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் ரோட்டோரம் நிற்கும் வண்டிகளில் எத்தனை கேரளப் பதிவெண் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்த வயலில் பூ நிற்கிறது, எது அறுத்துவிட்டார்கள், வயலுக்குள் இறங்க விவசாயி விடுவாரா, காசு கேட்பாரா என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் தமிழ்க் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு மாற்றி அப்படியே ஏற்றாதீர்கள். உங்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத்துப் பிழையைத் திருத்த ஆரியங்காவில் சிநேகிதி இருக்கிறார் என்கிறீர்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டு மொழிப் பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் குறியீடு உண்டு, அதை எப்படிப் போடுவது என்று தனியாக எழுதி அனுப்புகிறேன்.

இதெல்லாம் செய்தால் அடுத்த வாரமே ஆள் வந்துவிடுவார்களா என்றால், மாட்டார்கள். தளம் முழுக்கச் சுத்தம் செய்ததைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பல மாதம்கூட ஆகலாம். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தைத் திறந்தவர் தேடியது கிடைக்காமல் திரும்பிப் போய் அடுத்ததைத் திறந்தால், அது யாருக்கும் தெரியாமல் போவதில்லை. 2023இல் அமெரிக்காவில் நடந்த வழக்கில், தேடுகிறவர்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்ற தரவைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவது கூகுள் அதிகாரியின் சாட்சியத்திலேயே வெளிவந்தது. சங்கரன்கோவில் பெரியவர் பொறுமைசாலி, கடைசிவரை படித்தார், கடிதமும் போட்டார். மற்றவர்கள் இரண்டாம் பத்தியிலேயே திரும்பியிருப்பார்கள்.

அவருக்குப் பதில் எழுதியாகிவிட்டதா? இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள். வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் போக வேண்டும், வயசானவர்கள் எது வரை போகலாம் என்று வீட்டுப் பெரியவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். அனுப்பிய பிறகு அதை அப்படியே எடுத்து, கட்டுரையின் முதல் பத்து பத்திகள் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.